30 ரிங்கிட் விளம்பரம்: பினாங்கில் தமிழ் வேலைச் செய்திக் குழுக்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாக வேலைச் செய்திக் குழுக்களை நடத்திவரும் நிர்வாகிகளுக்கு,

கடந்த செவ்வாய்க்கிழமை காலை உங்களுள் ஒருவர் நடத்தும் குழுவில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். "வீட்டிலிருந்தே வேலை. பணப் பரிமாற்ற உதவியாளர். நாளுக்கு 2 மணி நேரம். மாதம் 3,500 ரிங்கிட் வரை. கைப்பேசி போதும். இந்திய இளைஞர்களுக்கு முன்னுறிமை. சொந்த வங்கிக் கணக்கு கட்டாயம்" என்பது அதன் வாசகம். நிறுவனத்தின் பெயரும் தொடர்பு எண்ணும் மட்டுமே புதியவை. மற்றவை எல்லாம், 'முன்னுறிமை' என்ற எழுத்துப் பிழை உட்பட, சென்ற ஆண்டு அதே குழுவில் வந்த ஒரு விளம்பரத்தில் இருந்தவை. அந்தப் பழைய விளம்பரத்தை நம்பி வேலைக்குச் சேர்ந்த என் அக்காள் மகனின் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டு, அவன் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்து, இன்றுவரை விசாரணைக்கு உட்பட்டவனாக இருக்கிறான்.

அன்றே அந்தக் குழுவின் நிர்வாகிக்கு நடந்தவற்றைச் சுருக்கமாக எழுதி, குழுவில் ஓர் எச்சரிக்கையைப் பதிவிடும்படி கேட்டேன். விளம்பரம் கொடுத்தவர் 30 ரிங்கிட் கட்டியிருக்கிறார் என்றும், தாங்கள் தகவலைப் பகிர்வதோடு சரி, விசாரித்துச் சேர்வது அவரவர் பொறுப்பு என்றும் பதில் வந்தது. இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் யாருடைய பெயரையும், எந்தக் குழுவின் பெயரையும் நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை. இதே போன்ற விளம்பரங்களை வேறு இரண்டு குழுக்களிலும் பார்த்திருக்கிறேன் என்பதாலும், உங்களால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் உண்மையான வேலை கிடைத்த பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள் என்பதாலும் அது நியாயமாக இராது.

அந்தப் பழைய விளம்பரத்தை என் அக்காள் மகனுக்கு அனுப்பியவள் நான்தான். உங்களிடம் பொறுப்பைக் கேட்க வருபவள் தன் பங்கை மறைத்துக்கொண்டு வரக்கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டுப் பொட்டலம் விநியோகிக்கும் வேலையில் இருந்தவன், மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்து, பாகான் டாலாம் வீட்டில் மூன்று மாதமாகப் படுத்திருந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யக்கூடிய வேலை என்று படித்ததும், இரண்டாவது முறை படிக்காமல் அவனுக்கு அனுப்பினேன். காவல் நிலையத்திலிருந்து திரும்பிய இரவு அவன் என்னிடம் கோபப்படவில்லை. "சித்தி, நீங்கதானே அனுப்புனீங்க, அதான் நல்ல வேலைன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னான். அவன் என்னை நம்பினான். நான் உங்கள் குழுவை நம்பினேன். நீங்கள் எதை நம்பி அதை வெளியிட்டீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் 22 ஆண்டுகளாகப் பிறையில் ஒரு சரக்கு லாரி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இத்தனை ஆண்டுகள் வரவு செலவு எழுதிய ஒருத்தி, 'பணப் பரிமாற்ற உதவியாளர்' என்ற சொல்லைக் கண்டும் நிற்கவில்லை என்பது எனக்கே வெட்கம். ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் கட்டும் பணம் அந்த நிறுவனத்தின் கணக்கில்தான் விழும். அதற்கு ஒரு விலைச்சீட்டு இருக்கும், ரசீது இருக்கும், ஆண்டு முடிவில் தணிக்கையாளர் இரண்டையும் கேட்பார். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் தவறிப்போய் லாரி ஓட்டுநரின் சொந்தக் கணக்கில் வாடகையைப் போட்டுவிட்டால் அலுவலகமே அன்று கலங்கிப் போகும். அப்படியிருக்க, முகமே பார்க்காத 20 வயதுப் பையனின் சேமிப்புக் கணக்குக்கு 4,800 ரிங்கிட்டை அனுப்பி, அதில் 240 ரிங்கிட்டை அவன் எடுத்துக்கொண்டு மீதியை வேறு மூவருக்கு அனுப்பச் சொல்லும் நிறுவனம் எதைத்தான் மிச்சப்படுத்துகிறது? டூயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற வசதி வழியாக 5,000 ரிங்கிட் வரை அனுப்புவதற்கு என் வங்கி என்னிடம் ஒரு காசும் வாங்குவதில்லை. அந்த 240 ரிங்கிட் எதற்கான கூலி என்று யோசித்தால் ஒரே விடைதான் மிஞ்சுகிறது: அந்தப் பணத்தின் மேல் இனி அவன் பெயர் ஒட்டியிருக்கும், அதற்கான வாடகை அது.

வேலை எப்படி நடந்தது என்பதை அவன் கைப்பேசியை வாங்கி, முதல் செய்தியிலிருந்து கடைசிச் செய்தி வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து படித்தேன். நேர்முகத் தேர்வு என்பது எழுத்திலேயே நடந்தது. ஒருமுறைகூடக் குரலோ முகமோ வெளிப்படவில்லை. வெளிநாட்டு நிறுவனம் என்றும், மலேசியாவில் கணக்குத் திறக்க ஆறு மாதம் ஆகும் என்பதால் அதுவரை 'வட்டாரப் பிரதிநிதிகளின்' கணக்குகளைப் பயன்படுத்துவதாகவும் சொன்னார்கள். முத்திரையும் கையெழுத்தும் உள்ள ஒப்பந்தப் படிவம் ஒன்று வந்தது. அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட எதுவும் வேலையைப் பற்றியதாக இல்லை. எல்லாம் கணக்கைப் பற்றியவை. கணக்கு திறந்து எத்தனை மாதமாகிறது, வேறு வங்கியில் இன்னொரு கணக்கு இருக்கிறதா, நாளொன்றுக்கு எவ்வளவு அனுப்ப முடியும், அந்த வரம்பை உயர்த்த முடியுமா என்று கேட்டார்கள். என்ன படித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதல் நாள் 300 ரிங்கிட் வந்தது. 15 ரிங்கிட்டை வைத்துக்கொண்டு 285 ரிங்கிட்டை அனுப்பினான். சொன்னபடி காசு கைக்கு வந்ததும் அவனுக்கு நம்பிக்கை பிறந்தது. மூன்றாம் நாள் 4,800 ரிங்கிட். பணம் வந்த 15 நிமிடத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்பது கண்டிப்பான விதி. ஒருமுறை அவன் குளிக்கப் போய்ப் பிந்தியபோது 11 அழைப்புகள் வந்திருக்கின்றன. அந்த அவசரத்தின் காரணம் அவனுக்கு அப்போது தெரியவில்லை. ஏமாந்தவர் விழித்துக்கொண்டு 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை அழைத்தால், பணம் போன வழியைத் தொடர்ந்து அதை நிறுத்திவைக்க வங்கிகள் முயலும். அதற்குள் பணம் அடுத்த கணக்குக்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் தாவியிருக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அந்த மையத்தோடு நடக்கும் ஓட்டப் பந்தயத்தில், கால் முறிந்து கிடந்த எங்கள் பையன் தனக்கே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தான்.

நான்காம் வாரத்தில், வங்கியிலிருந்து யாராவது அழைத்துக் கேட்டால் நண்பன் திருப்பிக் கொடுத்த கடன் என்று சொல்லும்படி அவனுக்குப் பாடம் நடத்தினார்கள். இந்த இடத்திலாவது அவன் நின்றிருக்க வேண்டும். நேர்மையான முதலாளி வங்கியிடம் பொய் சொல்லத் தன் ஊழியனுக்குக் கற்றுத் தருவதில்லை. அவனுக்கும் உறுத்தியிருக்கிறது, கேட்டிருக்கிறான், வரி விவகாரம் என்று மழுப்பியிருக்கிறார்கள். அடுத்து, அவன் பெயரில் ஒரு சிறு வணிகத்தைப் பதிவு செய்து நடப்புக் கணக்கு திறந்தால் மாதம் 6,000 ரிங்கிட் வரை கிடைக்கும் என்றார்கள். அதற்குள் ஐந்தாம் வாரம் கணக்கு முடங்கியது. தொடர்பு எண் அன்றே இல்லாமல் போனது.

அவன் கணக்கு வழியாகப் போன மொத்தத் தொகை 22,800 ரிங்கிட். அவனுக்குக் கிடைத்தது 1,140 ரிங்கிட். அந்த 4,800 ரிங்கிட், வெளிநாட்டிலிருந்து வந்த பரிசுப் பொட்டலத்துக்குச் சுங்க வரி என்று நம்பித் தைப்பிங்கில் ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் கட்டியது என்று விசாரணை அதிகாரி சொன்னார். அந்த அம்மையார் கொடுத்த புகாரில் இருக்கும் ஒரே பெயர் எங்கள் பையனுடையது. ஏனென்றால் அவர் பணம் அனுப்பியபோது திரையில் தோன்றிய பெயர் அதுதான்.

மலாய் மொழியில் இத்தகைய கணக்குகளுக்கு 'அக்காவுன் கெல்டாய்', கழுதைக் கணக்கு, என்று பெயர். பொதியில் இருப்பது உப்பா பஞ்சா என்று கழுதைக்குத் தெரியாது என்று நாம் இரக்கப்படலாம். சட்டம் அவ்வளவு எளிதில் விடாது. கையிலுள்ள பணம் எப்படி வந்தது என்பதற்குத் திருப்தியான விளக்கம் தர முடியாதவர்மீது 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின் 29(1)ஆவது பிரிவு பாய்கிறது. ஓராண்டுச் சிறை அல்லது 1,000 ரிங்கிட் அபராதம் அல்லது இரண்டும். இது இருப்பதிலேயே இலேசானது. சொத்தை நேர்மையின்றி மறைப்பதையும் அகற்றுவதையும் பற்றிய, குற்றவியல் சட்டத்தின் 424ஆவது பிரிவும் இருக்கிறது. 2024-இல் அதனோடு 424ஏ முதலான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, சட்டபூர்வமான காரணமின்றித் தன் கணக்கைப் பிறர் பயன்படுத்தக் கொடுப்பதும் பிறர் கணக்கைத் தன் பிடியில் வைத்திருப்பதும் தனிக் குற்றங்களாகிவிட்டன. 2001ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் 15 ஆண்டுகள் வரை சிறை. எங்கள் பையனின் விசாரணை முடியாததால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: கால் சரியாகி அவனுக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்தபோது, சம்பளம் போடக் கணக்கு எண் கேட்டார்கள், அவனிடம் இருந்த ஒரே கணக்கு முடங்கிக் கிடந்தது, வேறொரு வங்கி புதிய கணக்கு திறக்க மறுத்தது, வேலை இன்னொருவனுக்குப் போனது.

'வங்கிக் கணக்கு எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள்' என்று உங்கள் குழுக்களில் அவ்வப்போது ஒரு பொது எச்சரிக்கை வருகிறது. அதனால் ஒரு பயனும் இல்லை என்பது என் கருத்து. எந்த வேலையில் சேர்ந்தாலும் கணக்கு எண்ணும் அடையாள அட்டை நகலும் கேட்கத்தான் செய்வார்கள். அதைக் கேட்பதே குற்றம் என்றால் எங்கள் நிறுவனமும் மோசடி நிறுவனம்தான். பார்க்க வேண்டியது, அந்தக் கணக்குக்குள் யாருடைய பணம் நுழையப் போகிறது என்பதை. சம்பளமும் செய்த செலவுக்கான ஈடும் தவிர வேறு எந்தப் பணமாவது ஊழியரின் சொந்தக் கணக்குக்குள் வந்து வெளியே போக வேண்டும் என்றால், அதற்கு நிறுவனம் என்ன பெயர் சூட்டியிருந்தாலும் அது வேலை அன்று. பணத்துக்குப் பதிலாக மின்னிலக்க நாணயம் வாங்கி அனுப்பச் சொன்னாலும், ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் மாத வாடகைக்குக் கேட்டாலும், வீட்டுக்கு வரும் பொட்டலங்களைப் புது முகவரி ஒட்டி அனுப்பச் சொன்னாலும் கதை ஒன்றே.

சம்பளத்தையும் பாருங்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதற்கு வாரம் 45 மணி நேரம்வரை உழைக்கும் மக்கள் நம்மிடையே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நாளுக்கு 2 மணி நேரம் கைப்பேசியைத் தட்டுவதற்கு 3,500 ரிங்கிட் என்றால், மீதிக்கு அவர்கள் வாங்குவது என்ன? எங்கள் பையனின் ஒப்பந்தத்தில் ஊழியர் சேமநிதியைப் பற்றியும், தொழிலாளர் சமூகக் காப்புறுதியான சொக்சோவைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை. விளம்பரத்தை வெளியிடும் முன், இவை உண்டா என்ற ஒரு கேள்வியை நீங்கள் கேட்டிருந்தாலே அந்த ஆள் பதில் சொல்லாமல் போயிருப்பான்.

காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விளம்பரம் போடுகிறோம் என்று உங்களுள் ஒருவர் முன்பு எழுதியிருந்தார். நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் ஏற்கெனவே புகார் கொடுக்கப்பட்ட எண்கள் மட்டுமே அங்கே வரும். செவ்வாய்க்கிழமை விளம்பரத்தின் எண்ணை நான் அங்கே தட்டினேன், ஒன்றும் வரவில்லை. என் அக்காள் மகனின் கணக்கு எண்ணைத் தட்டினேன், வந்தது. ஏமாற்றியவன் எண்ணை மாற்றிக்கொண்டு அடுத்த விளம்பரம் போட்டுவிட்டான், ஏமாந்தவன் பட்டியலில் இருக்கிறான். அந்தத் தளத்தில் ஒன்றும் வராததை நற்சான்றாக எடுத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று என்னிடம் இல்லை.

இப்போது 'அவரவர் பொறுப்பு' என்ற பதிலுக்கு வருகிறேன். உங்கள் குழுக்களில் பெரும்பாலானவற்றில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும். வாசிக்கும் ஆயிரம் பேருக்கும் அங்கே கேள்வி கேட்க வாயில்லை. ஆகவே அங்கே வரும் ஒவ்வொரு விளம்பரமும் யாரோ ஒட்டிவிட்டுப் போன சுவரொட்டி அன்று. உங்கள் கையால், உங்கள் குழுவின் சின்னத்தோடு, சில வேளைகளில் "நம்பகமான வேலை" என்ற உங்கள் முன்குறிப்போடு வருவது. கேட்கும் வாயை அடைத்துவிட்டு விசாரிக்கும் பொறுப்பை மட்டும் எங்களிடம் விடுவது முறையில்லை. குழுவை இலவசமாக நடத்துபவர்கள்மீது இவ்வளவு சுமை நியாயமா என்று கேட்பீர்கள். இலவசமாக நடத்துபவர்களுக்கு என் நன்றி உண்டு. விளம்பரத்துக்கு 30 ரிங்கிட், 50 ரிங்கிட் வாங்குபவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க இயலாது.

அந்த 30 ரிங்கிட்டைப் பற்றி இன்னொன்றும் இருக்கிறது. கணக்குப் பிரிவில் இருப்பதால்தான் எனக்கு இது தோன்றியது போலும். விளம்பரம் கொடுத்தவன் அதைக் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்க மாட்டான். உங்கள் கணக்குக்கு அனுப்பியிருப்பான். தன் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பும் அளவுக்கு அவன் ஏமாளி என்று நான் நினைக்கவில்லை. உங்கள் வங்கிப் பட்டியலை எடுத்து, அந்தத் தொகைக்கு எதிரே இருக்கும் அனுப்புநரின் பெயரைப் பாருங்கள். அது யாரோ ஓர் அம்மாவின் மகன் பெயராகவோ மகள் பெயராகவோ இருக்கலாம். 'வேலை'யில் சேர்ந்து முதல் வாரம்தான் ஆகியிருக்கலாம். உங்கள் குழுவிலேயே இருப்பவராகவும் இருக்கலாம். அந்தத் தொகை உங்கள் கணக்கில் இருக்கும்வரை, கழுதையின் பொதியில் ஒரு சிறு மூட்டை உங்கள் வீட்டிலும் இறங்கியிருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. செவ்வாய்க்கிழமை விளம்பரத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். அது மோசடி விளம்பரம் என்று அதே குழுவில், அதே அளவு பெரிதாக எழுதுங்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் உடனே நிறுத்த வேண்டும், கணக்கில் நிற்கும் பணத்தைத் தொடக்கூடாது, செய்திகளை அழிக்கக்கூடாது, தங்கள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டுக் காவல் நிலையத்தில் தாங்களாகவே புகார் கொடுக்க வேண்டும் என்று அதில் குறிப்பிடுங்கள். முடக்கப்பட்ட பிறகு போவதற்கும் அதற்கு முன் தானாகப் போவதற்கும் வேறுபாடு உண்டு. எங்கள் பையனுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. விளம்பரம் கொடுத்தவரின் தொலைபேசி எண்ணையும், கட்டணம் வந்த வங்கிப் பதிவையும், சென்ற ஆண்டு விளம்பரத்தின் பதிவுகள் இருந்தால் அவற்றையும் காவல் நிலையத்தில் கொடுத்து ஒரு புகாரைப் பதிவு செய்யுங்கள்.

இனி வரும் விளம்பரங்களுக்கு, நிறுவனத்தின் பதிவு எண், அலுவலக முகவரி, பொறுப்பாளரிடம் நேரில் அல்லது குரல்வழி ஓர் உரையாடல் ஆகியவை இல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள். பதிவு எண்ணை மலேசிய நிறுவன ஆணையத்தில் நீங்களே சரிபாருங்கள், ஏனெனில் ஒப்பந்தத்தில் இருந்த எண் வேறொரு நிறுவனத்தினுடையது என்பதை நாங்கள் பிந்தித்தான் கண்டுபிடித்தோம். ஆள் சேர்க்கும் முகவர் என்றால், 1981ஆம் ஆண்டின் தனியார் வேலை முகவர்கள் சட்டத்தின் கீழ் பெற்ற உரிமத்தைக் கேளுங்கள். ஊழியரின் கணக்கில் யாருடைய பணம் வரும் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். எச்சரிக்கை அனுப்பும் உறுப்பினருக்குக் குழுவில் இடம் கொடுங்கள்.

விளம்பரங்களைச் சரிபார்க்க ஆள் இல்லை என்றால், வேலை முடிந்து இரவு 8 மணிக்கு மேல் நான் உட்கார்ந்து படித்துப் பார்த்துச் சொல்கிறேன். அதற்குக் காசு வேண்டாம். என் எண் உங்கள் குழுவில் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். இதை எழுதி முடிக்கும் இந்த நேரம்வரை அந்த விளம்பரம் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்தில் வசிக்கும், உங்கள் குழுவின் உறுப்பினர் ஒருத்தி